வாடகைச் சீட்டு எங்கே? லாரிக்காரனின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்!



நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கம் காலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். நாலு பேர் டீ குடிப்பார்கள், நாலு பேரும் போனில் இருப்பார்கள். "அண்ணே, பாம்பே லோடு இருக்கா?" "ரேட் என்ன போகுது?" "நேத்து சொன்ன ரேட் இன்னைக்கு இல்லையா?" பேச்சு முடியும். லாரி லோடு ஏற்றக் கிளம்பும். இருபது லட்சம் ரூபாய் சரக்கு, முப்பது லட்சம் ரூபாய் வண்டி, ஒரு டிரைவரின் உயிர். இத்தனையும் ஒரு போன் பேச்சை நம்பி ஆயிரம் கிலோமீட்டர் கிளம்பிப் போகிறது.

கையில் வாடகைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறதா? இல்லை.

இந்தப் பதிவு அந்தச் சீட்டைப் பற்றியது.

■ முதலில் ஒரு கணக்குப் போடுவோம்

எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ட்ரிப்புக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு பெரிதாக மாறாது.

நாமக்கல்லில் இருந்து மும்பைக்குப் பத்து சக்கர வண்டி. சுமார் 1,250 கிலோமீட்டர். சரக்கு அனுப்பும் கம்பெனி கொடுக்கும் வாடகை 75,000 ரூபாய் என்று வையுங்கள். இடையில் இருப்பவர் லாரிக்காரரிடம் சொல்வது 64,000. கம்பெனி கொடுத்தது 75,000 என்பது லாரிக்காரருக்குத் தெரியாது. தெரிய வழியும் கிடையாது.

லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 312 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் சுமார் 28,700. டோலுக்கு 9,000. டிரைவர் படி, வழிச்செலவு 7,000. ஏத்துக்கூலி, தார்ப்பாய், கயிறு என்று 3,000. இதுக்கு மேல் லாரிக்காரரிடமே தனியாக ஆபீஸ் கமிஷன் 1,000. மொத்தம் 48,700.

இப்போது கவனியுங்கள். 64,000 ரூபாயையும் ஒரே தடவையில் கையில் கொடுப்பார்களா? எண்பது சதவீதம் அட்வான்ஸ் என்றால் 51,200. செலவு போகக் கையில் நிற்பது 2,500 ரூபாய். மீதி 12,800 'பாக்கி'. சரக்கு இறக்கி, கையெழுத்துப் போட்ட பேப்பர் கூரியரில் திரும்பி வந்த பிறகு. "அடுத்த வாரம் வாங்க", "கம்பெனி இன்னும் போடலை", "ரெண்டு மூட்டை ஷார்ட்டேஜ், அதுல பிடிச்சிட்டாங்க".

புரிகிறதா? அட்வான்ஸ் என்பது டீசல் பங்க்குக்கும் டோல்கேட்டுக்கும் போகும் பணம். லாரிக்காரனின் வருமானம் என்பதே அந்தப் பாக்கியில்தான் இருக்கிறது. பாக்கியை அறுபது நாள் நிறுத்தினால் அவனுடைய சோற்றையே அறுபது நாள் நிறுத்தினதாக அர்த்தம். அந்த அறுபது நாளில் பைனான்ஸ்காரர் ரெண்டு டியூவுக்கு ஆள் அனுப்பிவிடுவார். டியூ நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது, டயர் தேய்மானம் நிற்காது. பாக்கி மட்டும் நிற்கும்.

இதையெல்லாம் கேட்டு யாரிடம் போவது? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "எழுத்துல என்ன இருக்கு?" என்பார்கள். கோர்ட்டுக்குப் போனாலும் அதே கேள்விதான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

■ புரோக்கர்தான் வில்லனா?

இந்த இடத்தில் பல பேர் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "எல்லாம் இந்த புரோக்கர்களால வந்தது, அவனுங்களை ஒழிச்சாச் சரியாப்போகும்." நாம் அப்படிச் சொல்லப் போவதில்லை.

லோடு பார்த்துக் கொடுப்பதும் ஒரு வேலை. வேலை என்றால் சும்மா இல்லை. எந்த ஆலையில் எப்போது சரக்கு கிளம்புகிறது, எந்த வண்டி எங்கே காலியாக நிற்கிறது, கலம்போலியில் இறக்கிவிட்டு நிற்கும் வண்டிக்கு ரிட்டன் லோடு யார் கொடுப்பார், டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது, இதெல்லாம் தலைக்குள் வைத்திருக்கும் ஆள் அவர். ராத்திரி ரெண்டு மணிக்குச் செக்போஸ்ட்டில் வண்டி நின்றால் டிரைவர் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். இ-வே பில் நேரம் முடியப் போகிறது என்றால் ஆலை ஆபீசைப் பிடித்து நீட்டிக்க வைப்பதும் அவர்தான்.

இவர்களில் பலர் யார்? ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்கள். முதுகெலும்பு தேய்ந்து, சர்க்கரை வந்து, கண் மங்கி, வண்டியை விற்றுவிட்டு, ஒரு மேஜையும் ரெண்டு போனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். டிப்ளமா படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் குரூப்பில் லோடு பார்க்கும் பையன்களும் இருக்கிறார்கள். கம்பெனி தொண்ணூறு நாள் இழுத்தடிக்கும்போது வட்டிக்கு வாங்கி லாரிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முழிப்பவர்களும் இவர்களில் உண்டு. சரக்கு காணாமல் போனால் போலீஸ் முதலில் தேடுவது இவர்களைத்தான்.

அவர்களும் உழைப்பவர்கள். உழைப்புக்குக் கூலி வாங்கட்டும். அதில் நமக்கு ஒரு மறுப்பும் இல்லை.

நம் சண்டை இருட்டோடுதான். கம்பெனி கொடுத்தது எவ்வளவு, இடையில் நின்றது எவ்வளவு, லாரிக்காரனுக்கு வந்தது எவ்வளவு என்ற மூன்று எண்ணையும் இருட்டில் வைத்திருக்கிறார்கள். அந்த இருட்டில் நேர்மையான ஏஜென்ட்டும் மோசடிக்காரனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஐந்து சதவீதம் எடுப்பவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எடுத்தால் அது கூலி. பதினைந்து சதவீதத்தை மறைத்து எடுத்துவிட்டு, மேலே கமிஷனும் கேட்டால் அதற்குப் பெயர் வேறு.

■ சட்டம் இல்லையா? இருக்கிறது!

"இது தனியார் தொழில், அரசு என்ன பண்ண முடியும்?" என்று அதிகாரிகள் கை விரிக்கிறார்கள். விரித்த கையில் மூன்று சட்டத்தை வைக்கிறோம். படித்துப் பார்க்கட்டும்.

ஒன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 93ஆவது பிரிவு. சரக்கு வாகனங்களில் செல்லும் சரக்கைச் சேகரிக்கும், அனுப்பும், வினியோகிக்கும் தொழிலில் ஏஜென்ட்டாக இருப்பவர் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிறது. அவரிடம் பிணைத்தொகை வாங்கலாம் என்கிறது. சரக்குக்கு இன்சூரன்ஸ் செய்ய வைக்கலாம் என்கிறது. அதற்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது.

ரெண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 1865ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை ஒதுக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். 2011இல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் பதிவு செய்யாமல் தொழில் செய்யக்கூடாது என்கிறது. அந்தச் சொல்லுக்குள் யார் யார் வருவார்கள் என்றும் சொல்கிறது. புக்கிங் கம்பெனி, காண்ட்ராக்டர், ஏஜென்ட், புரோக்கர். ஆமாம் தோழர்களே, 'புரோக்கர்' என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

மூன்று. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஒத்தை லாரி வைத்திருப்பவரும் சேவைத் தொழில் செய்யும் குறு நிறுவனம்தான். உத்யம் பதிவு அவரும் செய்யலாம்.

இவ்வளவு இருந்தும் லாரிக்காரர் ஏன் தெருவில் நிற்கிறார்? சட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சீட்டு இல்லை. 45 நாள் என்று சட்டம் சொல்கிறது. எந்த நாளில் இருந்து 45? யார் தர வேண்டிய பணம்? எவ்வளவு? இந்த மூன்று கேள்விக்கும் அவரிடம் பதில் வாயில் இருக்கிறது, பேப்பரில் இல்லை. எல்.ஆர். போட்டது டிரான்ஸ்போர்ட் பெயரில். பில் போனது டிரான்ஸ்போர்ட்டிலிருந்து கம்பெனிக்கு. லாரிக்காரர் அந்த பேப்பரில் வெறும் ஒரு வண்டி நம்பர்.

இ-வே பில்லை எடுத்துப் பாருங்கள். 2018இல் கொண்டுவந்தார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் கட்டாயம். அனுப்புபவர் யார், வாங்குபவர் யார், சரக்கு என்ன, மதிப்பு எவ்வளவு, வண்டி நம்பர் என்ன, எல்லாம் ஒன்றிய அரசின் கணினியில் ஏறுகிறது. எதிலாவது ஒரு எழுத்துத் தப்பிப் போனால் வண்டியை மடக்கி நிறுத்துகிறார்கள். வரி வசூலுக்கு எது தேவையோ அதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை! சரக்கின் விலை தெரிய வேண்டும், சரக்கைச் சுமப்பவனின் கூலி தெரிய வேண்டாம். இதுதான் இவர்கள் கட்டிய டிஜிட்டல் இந்தியா.

■ "ஆப் வந்துடுச்சு, இனி புரோக்கரே இல்லை"

இன்னொரு கூட்டம் இப்படிக் கிளம்பியிருக்கிறது. போனில் ஆப் போட்டுக்கொள், லோடு தானாக வரும், இடைத்தரகர் இல்லை, எல்லாம் வெளிப்படை என்கிறார்கள்.

ஆப் என்பது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் புரோக்கர். அவ்வளவுதான். டீக்கடை புரோக்கரிடம் "ஏண்ணே இப்படிக் குறைக்கிறீங்க" என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஆப்பின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது? ஏலம் என்று ஒன்று வைக்கிறார்கள். ஒரு லோடுக்கு இருபது பேர் ரேட் போட வேண்டும், குறைவாகப் போட்டவனுக்கு லோடு. நாலு நாளாகக் காலியாக நிற்பவன் டீசல் காசு வந்தால் போதும் என்று போடுவான். அவன் போட்ட ரேட்தான் மறுநாள் எல்லாருக்கும் ரேட். இதில் எது வெளிப்படை? லாரிக்காரனின் வயிறு மட்டும்தான்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, செயலி நிறுவனங்களையும் லைசென்ஸுக்குள் கொண்டுவந்தோம் என்று மார் தட்டினார்கள். அந்தத் திருத்தத்தில் 'திரட்டி நிறுவனம்' என்பதற்கு என்ன விளக்கம் எழுதினார்கள் தெரியுமா? பயணியை டிரைவரோடு இணைக்கும் டிஜிட்டல் இடையீட்டாளர். பயணி! சரக்கு அங்கே இல்லை. கால்டாக்சிக்குச் சட்டம் எழுதியவர்கள் லாரியை மறந்துவிட்டார்களா, மறந்த மாதிரி இருந்துவிட்டார்களா?

■ கடல் கடந்து ஒரு பாடம்

அமெரிக்காவில் சொந்த லாரியைத் தானே ஓட்டுபவர்கள் நிறைய. அவர்களுக்கு லோடு தேடி, ரேட் பேசி, பேப்பர் வேலை பார்க்க 'டிஸ்பேச்சர்' என்று சுயமாகத் தொழில் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். நம்மூர் லோடு பார்க்கும் தம்பிகள் செய்யும் அதே வேலை. ஆனால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். டிஸ்பேச்சர் லாரிக்காரரின் ஆள். வாடகையில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டு வாங்குகிறார். சரக்கு அனுப்புபவருக்கும் லாரிக்கும் நடுவில் நிற்பவர் புரோக்கர். அவர் ஒன்றிய அரசிடம் பதிவு செய்து 75,000 டாலருக்குப் பிணை காட்டியே தொழில் செய்ய முடியும். வாடகையை ஏமாற்றினால் லாரிக்காரர் அந்தப் பிணையின் மேல் உரிமை கோரலாம். யார் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வந்தபோது 2023இல் விளக்கக் குறிப்பே வெளியிட்டார்கள். ரெண்டு பக்கத்துப் பணமும் ஒருவர் கை வழியாகப் போனால் அவர் புரோக்கர் என்பதற்கு அது வலுவான அடையாளம் என்றார்கள்.

புரோக்கரின் கணக்கைப் பார்க்கும் உரிமையும் அங்கே லாரிக்காரருக்கு விதியில் இருக்கிறது. அமெரிக்கா தொழிலாளியின் சொர்க்கம் இல்லை. "கணக்குக் கேட்க மாட்டேன்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளும் புரோக்கர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். முதலாளித்துவம் எந்த ஊரிலும் பொந்து தேடும். ஆனால் பொந்து தேட வேண்டும் என்றால் முதலில் சுவர் இருக்க வேண்டும். நம்மூரில் சுவரே இல்லை!

■ ஓவர்லோடு: ஏற்றியவன் யார், கட்டுபவன் யார்?

வாடகை குறைந்தால் என்ன நடக்கும்? அந்த வாடகையில் ட்ரிப் கட்டாது. "ரெண்டு டன் சேர்த்து ஏத்திக்க, கட்டும்" என்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், மேலே ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் வண்டியின் தலையில். பிரேக் பிடிக்காமல் மலைப்பாதையில் உருண்டால் டிரைவரின் குடும்பம் தெருவில்.

சட்டத்தை ஒழுங்காகப் படித்தால், ஓட்டுபவர் மட்டும் குற்றவாளி இல்லை. அப்படி ஓட்டக் காரணமாக இருப்பவரும், அனுமதிப்பவரும் குற்றவாளி என்கிறது. ஆலைக்குள் எடைமேடை இருக்கிறது. எத்தனை டன் ஏறியது என்பது ஆலைக்கு கிராம் கணக்கில் தெரியும். எத்தனை ஆலை வாசலில் போய் அபராதச் சீட்டு கொடுத்தீர்கள்? ரோட்டில் நிற்கும் லாரியை மடக்கத் தெரிகிற கைக்கு, ஆலையின் கேட்டைத் தட்டத் தெரியவில்லையா?

■ நம்மை நாமே கேட்போம்

இதை ஒளிக்காமல் சொல்கிறோம். நம் கட்சியிலும் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். "நம்ம ஆளுங்க மேலயே கல்லெறியறீங்களா" என்று இந்தப் பதிவுக்குக் கீழே கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்கும் இதுதான் பதில். சீட்டு எழுதிக் கொடுங்கள் தோழர். கம்பெனி வாடகை, உங்கள் கமிஷன், லாரி வாடகை மூன்றையும் எழுதுங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கட்சிக் கொடி கட்டிய ஆபீசில் இருந்து இது தொடங்கட்டும். எழுத முடியாது என்றால் கொடியைக் கழற்றிவிட்டுத் தொழில் செய்யுங்கள்.

லாரி உரிமையாளர்களுக்கும் ஒன்று. 2018 ஜூலையில் எட்டு நாள் நாடே லாரியை நிறுத்தினோம். டீசல் விலைக்கும் டோலுக்கும் எதிராக நின்றோம். சரிதான், நிற்க வேண்டும். ஆனால் ஸ்ட்ரைக் முடிந்த அடுத்த நாளே, பக்கத்து வண்டியை விட ஐநூறு ரூபாய் குறைத்து லோடு எடுத்தது யார்? நாம்தான். ஒற்றுமை எட்டு நாளுக்கு மட்டும் போதாது. தினமும் காலை ஆறு மணிக்கு, அந்த டீக்கடையில் வேண்டும். உங்கள் வண்டியில் இருக்கும் டிரைவருக்கும் கிளீனருக்கும் படி, சம்பளம் எவ்வளவு என்பதையும் சீட்டில் எழுதுங்கள். நமக்குக் கேட்கும் நியாயத்தை நம் கீழே இருப்பவனுக்கும் கொடுப்போம்.

■ எங்கள் கோரிக்கைகள்

1. 93ஆவது பிரிவின்படி சரக்கு ஏஜென்ட் லைசென்ஸை மாவட்டந்தோறும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்து. யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது, எவ்வளவு பிணைத்தொகை என்ற பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடு. சிறிய ஏஜென்ட்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து, எளிதாக லைசென்ஸ் கொடு.

2. ஒவ்வொரு லோடுக்கும் வாடகைச் சீட்டைக் கட்டாயமாக்கு. கம்பெனி வாடகை, கமிஷன், லாரி வாடகை, அட்வான்ஸ், பாக்கி தர வேண்டிய தேதி, ஹால்டிங் வாடகை ஆறும் அதில் இருக்க வேண்டும். செல்போனில் வரும் சீட்டாக இருந்தாலும் செல்லும் என்று அறிவி.

3. இ-வே பில்லில் வாடகைக்கு ஒரு கட்டம் வை. ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாடு அரசு இதைக் கேட்க வேண்டும்.

4. லாரி உரிமையாளர்களுக்கு உத்யம் பதிவு முகாம்களை நடத்து. பாக்கி வாடகைப் புகார்களைத் தாமதக் கட்டணத் தீர்வு மன்றங்களில் தனி வரிசையாக எடு.

5. சரக்கு ஏற்றும் செயலிகளும் ஏஜென்ட்தான் என்று தெளிவாக அறிவித்து, அதே லைசென்ஸ், அதே பிணைத்தொகை, அதே சீட்டு என்ற விதிக்குள் கொண்டுவா.

6. ஓவர்லோடு அபராதத்தை ஏற்றி அனுப்பிய ஆலையிடமும் வசூலி.

7. லாரி உரிமையாளர்களும் லோடு பார்க்கும் ஏஜென்ட்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு புக்கிங் மையங்களை அமை. அரசு நிறுவனங்களின் சரக்கில் ஒரு பங்கை நேரடியாக அந்த மையங்களுக்குக் கொடு.

இதில் எதுவும் இலவசம் இல்லை, சலுகை இல்லை, மானியம் இல்லை. செய்த வேலைக்கு எவ்வளவு, எப்போது என்று எழுதிக் கொடு என்கிறோம். மளிகைக் கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கினால் பில் தருகிறார்கள். இருபது டன் சரக்கைத் தூக்கிக்கொண்டு மூன்று மாநிலம் தாண்டுகிறவனுக்கு ஒரு பில் கிடையாதா?

தோழர்களே, நாளை காலையில் இருந்து ஒரு வேலை செய்யுங்கள். லோடு எடுக்கும் முன் கேளுங்கள்: "அண்ணே, வாடகைச் சீட்டு?" சிரிப்பார்கள். ரெண்டாவது ஆளும் கேட்கட்டும். மூன்றாவது ஆள் கேட்கும்போது சிரிப்பு நிற்கும். பத்தாவது ஆள் கேட்கும்போது பேனா எடுப்பார்கள்.

ரேட்டை மறைக்காதே! பாக்கியை நிறுத்தாதே!
சீட்டு இல்லாமல் லோடு இல்லை!

லாரி நிற்கும் ஒவ்வொரு ஊருக்கும் இந்தப் பதிவு போய்ச் சேரட்டும். உங்களுக்கு வராமல் நிற்கும் பாக்கி எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். கம்பெனி பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். தொகையும் நாளும் போதும். அந்த எண்களைத் திரட்டிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நாமே நேரில் போவோம்.

#வாடகைச்சீட்டு_எங்கே
#பாக்கி_எங்கள்_சோறு